ஐந்தாவது வரி

நான் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியவன் இல்லை. எங்கள் கல்லூரி வரலாற்றுத் துறையில் எனக்கு இருபத்திரண்டு வருஷம். கோதண்டராமன் சார் தங்கமான மனுஷன் என்று செஞ்சியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நீங்கள் விசாரிக்க வந்திருக்கிறீர்கள், அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

மண்டகப்பட்டுக்குப் போகிற வழியில் ஓர் ஏரி. அதன் மதகுக் கல்லில் பழைய எழுத்தில் நாலு வரி இருக்கிறது. அதற்குக் கீழே வெறும் கல். வெயிலில் போய் நிற்க என்னால் முடியாது. சர்க்கரை, முழங்கால் வலி. ஆகையால் யாரோ எடுத்த, கீழ்ப்பாதி நிழலில் மங்கிய ஒரு போட்டோவை ஏஐயிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். பாவம், அது என்னைவிட உழைப்பாளி. நாலு வரியோடு நிற்காமல் ஐந்தாவதாக ஒன்றும் தந்தது, ஏரியை வெட்டியவள் ஒரு பெண் என்று. அதை அப்படியே கட்டுரையாக எழுதினேன். அந்த வரிக்காகத்தான் வரலாற்று மாநாட்டில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

என்னிடம் பிஎச்.டி. செய்த கலைவாணிக்கு ஊர் வல்லம் பக்கம். கடலை பிடுங்கப் போகிற குடும்பம். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம், எதையும் நேரில் போய்ப் பார்ப்பாள். ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒற்றி, மை தடவி எழுத்தைப் படியெடுத்து வந்து என் மேசையில் விரித்தாள்.

"நாலு வரிதான் சார் இருக்குது. ஏஐ இல்லாததயும் சேத்துக் குடுத்துடுது. நீங்க ஒரு திருத்தம் எழுதிட்டா போதும் சார்."

எவ்வளவு மரியாதையான பெண் பாருங்கள். திருத்தம் வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொண்டேன். ஆனால் கட்டுரை அச்சாகிவிட்டதே. கல்லைத் திருத்துவதுதான் சுலபம்.

அம்மி கொத்தும் பச்சமுத்துவை அழைத்துப்போய், அந்த ஐந்தாவது வரியைப் பழைய எழுத்திலேயே கல்லில் சாக்பீஸால் எழுதிக் கொடுத்தேன். "இன்னா சார், ஆயிரம் வருசத்துக் கல்லாச்சே" என்று தயங்கினார். விட்டுப்போனதைத்தான் சேர்க்கிறோம் என்றேன். புதுக் கொத்தின் வெள்ளை தெரியாமலிருக்கப் பழைய இன்ஜின் ஆயிலும் சாணியும் பூசி, ஒரு மழைக்காலம் பொறுத்திருந்தேன். ஆராய்ச்சிக்குப் பொறுமை முக்கியம்.

பிறகு, கலைவாணியின் ஆய்வேடு முழுக்க ஏஐயை வைத்துச் செய்த மோசடி என்று புகார் எழுதினேன். சரிபார்க்க வாங்கிய அவளுடைய மைப்படிகள் அத்தனையும் எங்கள் வீட்டு வெந்நீர் அடுப்பில் எரிந்தன. பல்கலைக்கழகக் குழு வந்தது, கல்லில் ஐந்து வரியையும் எண்ணிப் பார்த்தது; அவள் ஆய்வேட்டில் நாலுதான். ஏஐ சொல்வதை அப்படியே நம்பக் கூடாது, கல்லை நேரில் பார்க்க வேண்டும் என்று நான்தான் எடுத்துச் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். அவள் பதிவு ரத்தானது. அவளுடைய நைனா செல்லப்பன் என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"எம் பொண்ணு கல்லத் தொட்டுப் பாத்துட்டுதான் சார் எழுதுச்சு" என்றார்.

மோர் கொடுத்து அனுப்பினேன்.

இப்போது பச்சமுத்து உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். நல்லது. கலைவாணிக்குப் படிப்பைத் திருப்பிக் கொடுங்கள், எனக்கு மறுப்பில்லை. ஆனால் பச்சமுத்துவுக்குத் தெரிந்தது இந்த ஒரு கல்தான். அவள் ஆய்வேட்டில் இன்னும் பதினொரு கல் இருக்கிறது. அத்தனையிலும் முழங்கால் வலியோடு நானே உளி பிடித்து ஒவ்வொரு வரி சேர்த்துவிட்டேன்; எது என் வரி என்று இப்போது எனக்கே தெரியாது. இனி எந்தக் கல்லைக் காட்டி அந்தப் பெண் எழுதியது சரி என்று நிரூபிப்பீர்கள்? அவளுக்குப் பாடம் சொன்னவனாக எனக்கு அது ஒன்றுதான் கவலை.