அடுப்பில் எரிந்த கிராதி குறித்து பரளச்சி சங்கையா சொன்னது

என் பெயர் சங்கையா. தகப்பனார் உக்கிரபாண்டி. வயது 52. பரளச்சியில் குடியிருந்து தச்சு வேலை செய்கிறேன். மூன்றாம் வகுப்பை முடிக்கவில்லை. முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் கிறிஸ்தவ சபையில் இருபது வருடமாக நான் பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றது நடிப்புதான். என் கையெழுத்தைத் தவிர வேறு எழுத்து எனக்குத் தெரியாது. புத்தகம் தலைகீழாக இருந்தால் என் மனைவி அழகுத்தாய் முழங்கையால் இடித்துத் திருப்பிக் கொடுப்பாள். அவள் இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

அவள் நினைவாக, கோயிலில் திருவிருந்து மேசைக்கு முன்னால் சனங்கள் முழங்கால் போட வேப்பமரத்தில் ஒரு கிராதி, அதாவது கைப்பிடித் தடுப்பு, செய்து கொடுத்தேன். சபைக் கமிட்டிச் செயலர் செல்வக்குமாருக்கு அது பிடிக்கவில்லை. பந்தல்குடியில் கடை வைத்திருப்பவர். "மேசைக்கும் சனத்துக்கும் நடுவுல வேலி எதுக்கு? இதெல்லாம் நம்ம முன்னோரு விட்டொழிச்ச சடங்கு" என்று பேசிவந்தார். "முட்டி வலிக்கிற ஆளுக பிடிச்சு எந்திரிக்கத்தான் தம்பி" என்றேன்.

அதன் பிறகு ஆகஸ்ட் மாதம் அவர் தீர்மானப் புத்தகத்தை என் பட்டறைக்குக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, அசனத்துக்குப் பந்தல் போடணும்ல, இங்கன ஒரு கையெழுத்து" என்றார். நானும் கமிட்டி ஆள் என்பதால் போட்டேன். 17ஆம் தேதி சபையார் எல்லோரும் கூடி உண்ணும் அசன விருந்து நடந்தது. இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டு, கறிக்குழம்பு அருமை என்று சமையல் ஆட்களிடம் சொல்லவும் செய்தேன். அதன் பிறகு கை கழுவப் போனபோது, அண்டாவுக்கு அடியில் பாதி எரிந்த கடைசல் கால் ஒன்று கிடந்தது. அதில் நான் செதுக்கிய சிலுவை இருந்தது.

செல்வக்குமாரிடம் கேட்டேன். "நீங்கதான அண்ணாச்சி கிராதிய எடுக்கணும்னு கையெழுத்துப் போட்டீக? வாசிக்காம யாராச்சும் போடுவாகளா?" என்றார். கமிட்டியில் மற்ற ஆறு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய், தின்ற சோற்றை வாந்தி எடுத்தேன். அந்த வார்த்தையை எழுபது நாள் பத்திரமாக வைத்திருந்தேன்.

அக்டோபர் 26, ஞாயிறு ஆராதனைக்குப் பின் சீர்திருத்தத் திருநாள் நாடகம் நடந்தது. கதை போதகர் எழுதியது. இங்கிலாந்தில் ஒரு ராஜா இருந்தாராம். அவரும் புராட்டஸ்டண்டு, அவருடைய பாராளுமன்றமும் புராட்டஸ்டண்டு. ஆனாலும் மேசையை எங்கே வைப்பது, சுற்றிக் கிராதி வேண்டுமா வேண்டாமா என்பதில் ஆரம்பித்த சண்டை பெரிதாகி, கடைசியில் ராஜா தலையை வெட்டிவிட்டார்களாம். தலை கொடுக்க வேறு யாரும் சம்மதிக்காததால் நான் ராஜா. செல்வக்குமாரும் மற்ற ஆறு கமிட்டிக்காரர்களும் பாராளுமன்றம். அவர்களுக்கு ஒத்திகை தேவைப்படவில்லை.

நாடகத்தில் பாராளுமன்றம் ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்திட்டு ராஜாவிடம் நீட்ட வேண்டும். சிம்மாசனம், கிரீடம், காகிதம் எல்லாம் என் பொறுப்பு. காகிதத்தை எழுதிக் கொடுத்தது யார் என்பது ஞாபகம் இல்லை. என் மகள் சுகப்பிரியாவுக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று கேட்காமலே சொல்லிக்கொள்கிறேன். ஏழு பேரும் மேடையில் வீராப்பாகக் கையெழுத்திட்டார்கள். ஒருவரும் வாசிக்கவில்லை.

"இதை ஏற்கமாட்டேன்" என்று நான் கிழிக்க வேண்டியது. கிழிக்காமல், "ராசாவுக்குப் படிப்பு இல்ல, போதகரய்யா வாசிக்கணும்" என்று மைக்கில் சொல்லி அவரிடம் கொடுத்தேன். அவர் வாசித்தார். "சங்கையாவிடம் பந்தலுக்கு என்று பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கி, அழகுத்தாய் நினைவுக் கிராதியை அடுப்பில் வைத்த நாங்கள் ஏழு பேரும், தினம் ஒருவராக அவர் பட்டறைக்குப் போய், அவர் சொல்கிறபடி இழைப்புளி தள்ளி, அதே இடத்தில் புதுக் கிராதி செய்து வைப்போம்" என்று இருந்தது. பாதியில் போதகர் நிமிர்ந்து செல்வக்குமாரைப் பார்த்தார். ஆனாலும் முழுக்க வாசித்தார்.

செல்வக்குமார் பாய்ந்து வந்து, "இது செல்லாது! நாடகம்னு நெனச்சுப் போட்டோம், வாசிக்கவே இல்ல!" என்றார்.

"வாசிக்காம யாராச்சும் போடுவாகளா தம்பி?" என்றேன்.

பெண்கள் பக்கம் முதலில் சிரிப்பு வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த சந்தனம்மாள், "ஏழு பேரு கையிலயும் கொப்புளம் போடட்டும்" என்றார். அதன் பிறகு நாடகம் நடக்கவில்லை. என் தலை வெட்டப்படவில்லை.

ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியதாகச் செல்வக்குமார் கொடுத்த மனுவின்பேரில் இந்தக் காவல் நிலையத்தில் விசாரிக்கப்படுகிறேன். ஆம், ஏமாற்றித்தான் வாங்கினேன். வாசிக்காமல் போட்டது செல்லாது என்றால் ஆகஸ்டில் நான் போட்டதும் செல்லாது, கிராதியை எரித்தது களவு. செல்லும் என்றால் திங்கள்கிழமை முதல் ஆளாக அவர் பட்டறைக்கு வரட்டும். வேப்பங்கட்டையில் முடிச்சு அதிகமுள்ளதாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறேன். வருத்தம் உண்டா என்று கேட்கப்பட்டது. இல்லை.

இதை ஏட்டையா எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை. அதன் பிறகு மேற்படி விண்ணப்பத்தை ஒப்படைக்க மேசைமேல் விரித்தபோது என் கை பட்டு டீ கொட்டிவிட்டது. ஆறு பேர் மேடையில் மயிலிறகை மையில் தொட்டுக் கையெழுத்திட்டிருந்தார்கள், அவை அழிந்துவிட்டன. செல்வக்குமார் கௌரவம் பார்த்துத் தன் சட்டைப்பைப் பேனாவால் போட்டிருந்தார். அது நன்றாகத் தெரிகிறது.

(ஒப்பம்) சங்கையா
28.10.2025