நிறுத்தத் தெரிந்தவனுக்கா தண்டனை?

(கல்முனை அலைகரை இளைஞர் மன்றத்தின் பரிசளிப்பு விழாவில், மன்றத்தின் மகளிர் பிரிவுப் பொறுப்பாளரும் பிடவைக்கடை உரிமையாளருமான றுமைஸா ஆற்றிய வாழ்த்துரை)

அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன் அல்லாஹ்வின் பெயரால் தொடங்குகிறேன்.

இந்த அவையின் தலைமைக் கதிரையை அணிசெய்யும் மன்றத் தலைவர் அல்ஹாஜ் மீராமுகைதீன் அவர்களே, இவள் என்ன பேசப் போகிறாளோ என்று இப்போதே நெற்றியைத் துடைத்துக்கொண்டிருக்கும் செயலாளர் அப்துல் ஸமட் அவர்களே, வயல் வேலையை வைத்துவிட்டு வந்திருக்கும் நற்பிட்டிமுனைப் பெரியவர்களே, கடற்காற்றோடு கலந்து வந்திருக்கும் பாண்டிருப்புப் பெருமக்களே, பெற்ற பிள்ளைகளோடு அவர்களின் பிடிவாதத்தையும் சேர்த்துச் சுமக்கும் தாய்மாரே, பரிசுக் கிண்ணத்தைக் கண்ணிலேயே வைத்திருக்கும் காளையரே! உங்கள் எல்லோர் மீதும் சாந்தியும் சமாதானமும் நிலவட்டும். எல்லோருக்கும் என் கனிவான வணக்கம்.

சாந்தி, சமாதானம் என்று சொல்லிவிட்டேன். அதோடு என்னிடமிருந்த சாந்தி தீர்ந்தது. இன்று நான் கோபத்தோடு வந்திருக்கிறேன்.

"ஒற்றுமையப் பத்தி நாலு வார்த்த கதைச்சிட்டு, கிண்ணத்தக் குடுத்துட்டு இறங்குங்க ராத்தா" என்றார் செயலாளர். நாலு வார்த்தையா? நாற்பது வார்த்தை வைத்திருக்கிறேன் தம்பி. ஒவ்வொன்றாகத் தருகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர்கள் காதைத் தாருங்கள்.

சென்ற மாதம் நம்முடைய மன்றத்தின் கேம் அணி, கொழும்பு அணி ஒன்றோடு இறுதியாட்டம் ஆடியது. இணையத்தில் நடக்கும் கூட்டாட்டம். அந்தப் பக்கம் ஐந்து பேர், இந்தப் பக்கம் ஐந்து பேர். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஒருவரோடொருவர் கதைத்துக்கொண்டே ஆடுவார்கள். நம் அணியின் தலைவன், பாண்டிருப்பைச் சேர்ந்த ஜதுசன். ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது அவனுடைய கைபேசிக்குத் தங்கை தர்மிகா அழைப்பு எடுத்தாள். தாய் வல்லியம்மைக்குச் சீனி வருத்தம். சீனி இறங்கி, அடுப்படியிலேயே மயங்கி விழுந்துவிட்டார். ஜதுசன் எழுந்து போய்விட்டான். போய்த் தாயைத் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தான். தாய் பிழைத்தார். நம் அணி தோற்றது.

இதில் எங்கே குற்றம்? சொல்லுங்கள், எங்கே குற்றம்?

மன்றத்து நிர்வாகம் கண்டுபிடித்துவிட்டது. களத்தில் அணியைக் கைவிட்ட குற்றமாம். ஜதுசனுக்கு இரண்டு வருடத் தடை. அடுத்த மாதம் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், அதற்கும் அவன் போக முடியாது. மன்ற வாசலைக்கூட மிதிக்க முடியாது. இந்த நிமிடம், இந்த மண்டபத்தின் வாசல் கேற்றடியில், தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவன் வெளியே நிற்கிறான். விழா முடிவில் நீங்கள் எல்லோரும் கைதூக்கினால் அந்தத் தடை உறுதியாகிவிடும். எதற்குக் கை தூக்குகிறோம் என்று தெரிந்து தூக்குங்கள். அதற்காகத்தான் இங்கே தொண்டை கிழியக் கத்துகிறேன்.

இதோடு முடிந்ததா? இல்லை. அதே தீர்மானத்துக்கு ஒரு வால் இருக்கிறது. நம் மன்றத்தில் இரண்டு கணினிகளில் மட்டும் கதையாட்டங்கள் இருக்கின்றன. தனியாளாக இருந்து, ஒரு கதைக்குள் நுழைந்து, தொடக்கம் முதல் முடிவு வரை ஆடும் கேம்கள். அவற்றை முழுவதும் அழித்துவிட்டு, எல்லாக் கணினியிலும் கூட்டாட்டம் மட்டும்தானாம். ஏன் என்று கேட்டேன். செயலாளர் என் முகத்துக்கு நேரே சொன்ன விளக்கத்தை அப்படியே ஒப்புவிக்கிறேன்.

"அந்தப் பொடியன் சின்னதிலயிருந்து கதை கேம்தான் ராத்தா ஆடினவன். நெனச்ச நேரம் நிப்பாட்டுறது, எழும்பிப் போறது, மறுகா வந்து ஆடுறது. அந்தப் பழக்கம்தான் பைனல்லயும் வந்துட்டு. அந்தக் கேம வெச்சிருந்தா மத்தப் பொடியனுகளும் கெட்டுப் போவானுகள்."

கேட்டீர்களா? தாய் விழுந்தால் எழுந்து ஓடுவது கெட்ட பழக்கமாம். அதைக் கேம் கற்றுக்கொடுத்ததாம். அந்தக் கேமை அழித்துவிட்டால் நம் பிள்ளைகள் தாய் விழுந்தாலும் அசையாமல் இருப்பார்களாம். என்ன அறிவு, என்ன ஆராய்ச்சி! யா அல்லாஹ், இதைக் கேட்டுவிட்டு நான் எப்படி வீடு போய்ச் சோறு தின்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

சிரிக்காதீர்கள். ஓம், முதல் வரிசையைத்தான் சொல்கிறேன். சிரிப்பதற்கு நான் வேறு தருகிறேன்.

நானும் கேம் ஆடுகிறவள். இப்போது சிரியுங்கள். மூன்று பிள்ளைக்கு உம்மா, சந்தையில் பிடவைக்கடை, இவளுக்கு என்ன கேம் என்று கேட்பீர்கள். வெள்ளிக்கிழமை காலையில் பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில், அந்தக் கதைக் கணினிக்கு முன்னால் நான் ஒரு கப்பலுக்குத் தலைவி. புயல் அடிக்கிறது, பாய்மரம் முறிகிறது, நான் ஏணியில் ஏறுகிறேன். அந்த நேரம் பார்த்து என் இளையவள் அப்ரா அழைப்பு எடுப்பாள். "உம்மா, என்ட வெள்ளச் சப்பாத்து எங்க?" பொத்தானை அமுக்குவேன். புயல் நிற்கும். கடல் நிற்கும். என் கப்பல் தலைவி ஒரு காலைத் தூக்கியபடி ஏணியில் நிற்பாள். நான் வீட்டுக்குப் போய்ச் சப்பாத்தைத் தேடிக் கொடுத்து, கடைக்குப் போய் ஒருவருக்குச் சட்டைத்துணி வெட்டிக் கொடுத்து, கிறுகித் திரும்பி வந்து பார்த்தால், அந்த மனுசி அதே காலோடு நிற்கிறாள். முகம் சுளிக்கவில்லை. ஏன் பிந்தினாய் என்று கேட்கவில்லை. இந்த ஊரில் ஒரு பெண்ணுக்காக இவ்வளவு பொறுமையாகக் காத்திருந்த வேறு யாரையாவது காட்டுங்கள் பார்ப்போம்.

தாய்மார் பக்கம் கைதட்டல் பலமாக இருக்கிறது. எனக்குத் தெரியும் ஏன் என்று.

கூட்டாட்டத்தையும் ஒரு தரம் வீட்டிலிருந்து கைபேசியில் ஆடிப் பார்த்தேன். எங்கிருந்தோ ஒரு பொடியன் என் குரலைக் கேட்டுவிட்டு, "அன்ரி, போய்ச் சமைங்க" என்றான். அவனுக்குப் பதில் சொல்வதற்குள் அடுப்பில் பால் பொங்கியது, எழுந்தேன். திரும்பி வந்தால், ஆட்டத்தை இடைநடுவில் விட்டவள் என்று என்னைத் தள்ளி வைத்திருந்தது அந்த இயந்திரம். இயந்திரத்துக்கு உம்மா இல்லை. வீடு இல்லை. அதை நான் மன்னித்துவிட்டேன். நிர்வாகத்தில் இருக்கும் உங்களுக்கு எல்லாம் இருக்கிறதே, உங்களை எப்படி மன்னிப்பேன்?

கேம் செய்கிற பெரிய கம்பனிகளும் இப்போது இதே பாதையில்தான் போகின்றன. கதையைக் குறை, கூட்டத்தைக் கூட்டு. தனியாளை விரட்டு, இணையத்தில் கட்டிப் போடு. காசு கொடுத்து வாங்கிய கேம், டேட்டா முடிந்தால் திறக்காது. கரண்ட் போனால் நீ தோற்றவன். அவர்கள் அங்கே தங்கள் சேர்வர் கணினியை மூடிவிட்டால், இங்கே உன் கையிலிருப்பது வெறும் பெட்டி. அவர்களாவது இலாபத்துக்காகச் செய்கிறார்கள். நாம் எதற்காகச் செய்கிறோம்? ஒரு கிண்ணத்துக்காக. அதுவும் இரண்டாம் இடத்துக் கிண்ணம்.

நான் கூட்டாட்டத்துக்கு எதிரி அல்ல. சேர்ந்து ஆடுவது சிறப்பு, சேர்ந்து வெல்வது களிப்பு. ஆனால் சேர்ந்து ஆடுவது என்றால் என்ன என்று இந்த மேடையில் இருக்கும் ஒருவருக்காவது...

பள்ளியில் வாங்கு சொல்கிறார்கள். நிறுத்துகிறேன்.

(பேச்சாளர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அமைதியாக நிற்கிறார். அஸர் தொழுகைக்கான வாங்கு முடியும்வரை மண்டபமும் அமைதியாக இருக்கிறது.)

பார்த்தீர்களா? இப்போது என்ன நடந்தது?

நான் கோபத்தின் உச்சத்தில் இருந்தேன். வாயில் வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு நிறுத்தினேன். நீங்களும் நிறுத்தினீர்கள். பாண்டிருப்பிலிருந்து வந்திருக்கும் சகோதரர்கள், இது அவர்களின் வாங்கு இல்லை என்றாலும், கதைத்துக்கொண்டிருந்த வாயை மூடி மரியாதையாக இருந்தார்கள். அவர்களுடைய கோயிலில் பூசை மணி கேட்டால் சந்தையில் நாங்களும் ஒலிபெருக்கியைக் குறைக்கிறோம். மண்டபம் இடிந்துவிட்டதா? விழா தோற்றுவிட்டதா? பேச்சை இடைநடுவில் விட்டவள் என்று தலைவர் எனக்குத் தடை போட்டாரா? ஹாஜியார், போட்டீர்களா?

தலையாட்டுகிறார். போடவில்லையாம்.

ஏனென்றால் இந்த ஊரில் நிறுத்துவது நமக்குப் பழக்கம். மையித்து ஊர்வலம் போனால் கடையை நிறுத்துகிறோம். கடலில் ஒரு தோணி திரும்பவில்லை என்றால் கலியாண வீட்டில் பாட்டை நிறுத்துகிறோம். பெரியது வரும்போது சிறியதை நிறுத்தி வைப்பதுதான் இந்தக் கரையில் மனிதர் வாழும் முறை. அதைத்தான் ஜதுசன் செய்தான். கேம் அவனைக் கெடுத்ததா? இந்த ஊர்தானே அவனை வளர்த்தது?

விட்ட இடம் எனக்கு நினைவிருக்கிறது. சேர்ந்து ஆடுவது என்றால் என்ன என்று இந்த மேடையில் ஒருவருக்காவது தெரியுமா என்று கேட்க வந்தேன். ஜதுசன் அணியைக் கைவிட்டான் என்று தீர்ப்பு எழுதினீர்களே, அந்த அணியைக் கேட்டீர்களா? ஆட்டம் முழுவதும் பதிவாகியிருக்கிறது. ஹெட்செட்டில் அவர்கள் கதைத்ததும் பதிவாகியிருக்கிறது. நிர்வாகத்தில் யாராவது கேட்டீர்களா? நான் கேட்டேன். அணியில் ஆடிய றிஸ்மி, நேற்று என் கடைக்கு வந்து போட்டுக் காட்டினான். வெடிச்சத்தத்துக்கு நடுவே ஜதுசனின் குரல் வருகிறது.

"மச்சான், தங்கச்சி கோல் எடுக்கிறாள். அம்மா விழுந்திட்டாவாம்."

அடுத்த நொடியே றிஸ்மி. "எழும்புடா. போ."

"மேட்ச்?"

"மேட்ச் கிடக்கட்டும். நாங்க நாலு பேரும் பாத்துக்குவம். மேசையில என்ட மோட்டச்சைக்கிள் சாவி கிடக்கு. எடுத்துக்கிட்டு ஓடு."

ஓடினான். நாலு பேர் ஐந்து பேரோடு ஆடினார்கள், அடி வாங்கினார்கள், தோற்றார்கள். தோற்றதும் அந்த நாலு பேரில் ஒருவனான சுஜீபனின் குரல் கேட்கிறது. "தோத்துட்டம்டா." அதற்கு றிஸ்மி என்ன சொன்னான் தெரியுமா? யாரைத் திட்டினான் தெரியுமா? யாரையும் திட்டவில்லை.

"பறவாயில்ல. ஜதுசனுக்கு எடு. அம்மாக்கு எப்பிடி எண்டு கேளு."

கடையில் அதை இரண்டாம் தரமும் போடச் சொல்லிக் கேட்டேன். துணி வாங்க வந்தவர்கள் என்னையே பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை.

இதுதான் அணி. இதுதான் ஒற்றுமை. ஒருவனை விடாமல் கட்டி வைப்பது அணியா, போ என்று சாவியைக் கொடுப்பது அணியா? அந்தப் பிள்ளைகளுக்கு விளங்கியது நமக்கு ஏன் விளங்கவில்லை? தோற்றவர்களே அவனைக் குற்றம் சொல்லவில்லை. தோல்வியைத் திரையில் பார்த்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வீடு போன நமக்கு அவனைத் தண்டிக்க என்ன வாய் இருக்கிறது?

ஹாஜியார் மணி அடித்துவிட்டார். நேரம் முடிந்ததாம். இன்னும் ஒன்றுதான் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று பின்னேரம் நான் உள்ளே வரும்போது, வாசலில் ஒரு தாய் என் கையைப் பிடித்தார். வல்லியம்மை அக்கா. அதோ, மூன்றாம் வரிசையில், ஓரக் கதிரையில் இருக்கிறார். மகனைக் கேற்றடியில் விட்டுவிட்டு அவர் மட்டும் உள்ளே வந்திருக்கிறார். ஏன் வந்தார் தெரியுமா? உங்களிடம் மன்னிப்புக் கேட்க.

"என்னாலதான் புள்ள உங்கட கிண்ணம் போச்சி. நான் அண்டைக்கு நேரத்துக்குச் சாப்பிட்டிருந்தா விழுந்திருக்க மாட்டன். தலைவரிட்ட சொல்லி என்ர மகன மன்னிக்கச் சொல்லுங்க மனே."

மயங்கி விழுந்ததற்கு ஒரு தாய் மன்னிப்புக் கேட்கிறார், நம் ஊரில், நம் மன்றத்தில். தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, தீர்மானத்துக்குக் கைதூக்க வந்த அவையோரே, இதைவிட ஒரு வெட்கக்கேடு நம் மன்றத்துக்கு இனி வர வேண்டுமா?

இந்தக் கிண்ணத்தை நாலு பேருக்குக் கொடுக்கச் சொல்லி என்னை அழைத்தீர்கள். ஆடத் தொடங்கியவர்கள் ஐந்து பேர். ஐந்தாவது ஆள் உள்ளே வரும்வரை என் கை இதைத் தொடாது.

றிஸ்மி எழுந்துவிட்டான். சுஜீபனும் எழுந்துவிட்டான். மற்ற இருவரும். எங்கே பிள்ளைகளே போகிறீர்கள்? கேற்றடிக்கா? போங்கள். யாரும் மறிக்காதீர்கள். செயலாளர் அவர்களே, நீங்களும் எழும்புங்கள், காலாற ஒரு நடை நடந்து வாருங்கள். போகும்போது உங்கள் உம்மாவை ஒரு தரம் நினைத்துக்கொள்ளுங்கள்.

என் பேச்சு முடியவில்லை, நிறுத்தி வைக்கிறேன். பொறுமையோடு கேட்டவர்களுக்கு நன்றி. கோபத்தோடு கேட்டவர்களுக்கு அதைவிடப் பெரிய நன்றி. உங்கள் எல்லோருக்கும் என் ஸலாமும் வணக்கமும்.

வல்லியம்மை அக்கா, நீங்கள் யாரிடமும் எதற்கும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். நான் இறங்கி உங்கள் பக்கத்தில் வந்து இருக்கப் போகிறேன். கொஞ்சம் தள்ளி இருங்கள், உங்கள் மகனுக்கும் ஒரு கதிரை பிடிக்க வேண்டும்.