கூட்டம் சேரும் வரைக்கும்

"ஆளு சேர்ற வரைக்கும் பாக்டீரியா விஷத்தையே வெளிய எடுக்காதுடி."

காலை நேரத்துக் கோரிமேடு டவுன் பஸ். இதைக் கேட்டதும் என் காது பின் சீட்டுக்குப் போய்விட்டது. மடியில் மைக்ரோபயாலஜி புத்தகத்தோடு இரண்டு கல்லூரிப் பெண்கள்.

"பாக்டீரியாவுக்குத் தலை எண்ணத் தெரியுமா?"

"எண்ண வேணாம். ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சமா ஒரு கெமிக்கலை வெளிய விடும். கூட்டம் சேரச் சேர அதுவும் கூடும். ஒரு அளவைத் தாண்டுச்சின்னா, விஷம் செய்யற ஜீன் எல்லாத்துலயும் ஒண்ணா ஆன் ஆயிடும்."

"முன்னாடியே ஆன் பண்ணா என்னவாம்?"

"கொஞ்சப் பேரா இருக்கப்பவே காட்டிக்கிட்டா நம்ம உடம்பு அடிச்சுக் காலி பண்ணிடும். அதான் சத்தமில்லாம இருக்கும்."

படிக்கட்டுப் பக்கம் மீன் கூடையை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த, பிள்ளைச்சாவடி மீனவக் குப்பத்து அம்மா திரும்பினார். ஒரு காலில் துணிக்கட்டு. தண்ணி படாமலிருக்க அதன்மேல் பிளாஸ்டிக் பை.

"எங்கால்ல எம்மாம் சேந்திருக்கும் பாப்பா?"

"தெரியலைங்கம்மா. வலிக்குதா?"

"வலியே இல்ல. ஆறிடுச்சின்னு நெனச்சிட்டிருக்கேன்."

"சக்கரை இருக்கா?"

"அது ரொம்ப நாளா இருக்குது."

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப வலி இல்லைங்கறதை நம்பாதீங்கம்மா. சக்கரைக் கால்ல வலி தெரியாது."

மேட்டுப்பாளையம் பக்கம் திரும்புகிற ரோட்டு ஸ்டாப் வந்தது. தினமும் மீன் விற்க அந்த அம்மா இறங்கும் இடம்போல. கூடையை இறக்கிக் கொடுக்கக் கண்டக்டரே வந்துவிட்டார்.

"கூடைய அங்கியே வெய்யி தம்பி. ஆஸ்பத்திரிகிட்ட எறங்கிக்கிறேன்."

"வெயில் ஏறுதேம்மா, மீனு?"

"மீனு கெட்டா கெடட்டும்."