பன்னிரண்டாம் நாள் ஊசி

முட்டைக்கு ஊசி போடுவது அப்படியொன்றும் கடினமான வேலையல்ல. கை நடுங்கக்கூடாது, அவ்வளவுதான். அடைவைத்த பன்னிரண்டாம் நாள் முட்டையை விளக்குக்கு நேரே பிடித்தால் மொத்தமான முனையில் காற்றறை தெரியும். அந்த இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, சிறு துளையிட்டு, ஒரு துளி மருந்தை உள்ளே விட்டு மெழுகால் மூடவேண்டும். மருந்து என்பது பழக்கத்தில் சொல்வது. உண்மையில் அது ஒருவகைச் சர்க்கரை. குஞ்சின் குடலிலுள்ள நல்ல கிருமிகளுக்குச் சாப்பாடு. வெளியே வரும்போதே குஞ்சின் குடல் பலமாக இருக்கும், கழிச்சல் வராது.

இரண்டாயிரத்து ஏழில், கொலன்னாவையில் பலீல் முதலாளியின் குஞ்சு பொரிக்கும் நிலையத்தில் இதை நான்தான் தொடங்கினேன். சர்க்கரையை அனுப்பியது ஹொலண்டில் ஒரு கம்பனி. பரிசோதனை சரிவந்தால் என்னைக் குடும்பத்தோடு அங்கே எடுப்பதாக எழுதியிருந்தார்கள். என் மகளுக்கு அப்போது பதினெட்டு வயது. யுத்தக் காலம். கொட்டாஞ்சேனையிலிருந்து ரியூசனுக்குப் போய்வர மூன்று சோதனைச்சாவடியில் அடையாள அட்டை காட்டவேண்டும். ஒரு தகப்பன் என்ன நினைப்பான் என்று உங்களுக்கே தெரியும்.

நேசமலர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. விவசாயம் படித்தவள். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கி, எனக்கு உதவியாக வேலை செய்தாள். பொரிக்காத முட்டைகளைக் கரு இல்லாதவை என்று எழுதி நான் குப்பைக்கு அனுப்புவேன். அவள் அவற்றை உடைத்துப் பார்த்திருக்கிறாள்.

“அண்ணை, இதுகள் கூழ்முட்டை இல்லை. எல்லாத்துக்குள்ளையும் குஞ்சு செத்துக் கிடக்கு. ஊசி போட்டதுகளிலைதான் கூடச் செத்திருக்கு. எங்கட ஊசியாலைதான் கிருமி உள்ளுக்குப் போகுது.”

“ஆரிட்டையும் சொன்னீரா?”

“இன்னும் இல்லை. நீங்களே கம்பனிக்கு எழுதுங்கோ. இல்லாட்டி சனிக்கிழமை நான் முதலாளியிட்டச் சொல்லுவன். குறை நினையாதேங்கோ.”

நான் குறை நினைக்கவில்லை. அவள் சொன்னது சரி. ஊசிகளை நான் ஒழுங்காகக் கொதிக்கவைக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய ஆறு மாதம் போகும். கம்பனி காத்திருக்காது.

வியாழன் பின்னேரம் அவளிடம் ஓர் அட்டைப்பெட்டி கொடுத்தேன். அடைகாக்கும் மெஷினின் பழுதான டைமர், கொஞ்சம் வயர், ஊசிகள், ஒரு பை சர்க்கரைத்தூள். “டைமரை வெள்ளவத்தையிலை திருத்தக் குடும். தூளை நிறுத்துப் பொட்டலம் கட்டி வையும்” என்றேன். “ஓம் அண்ணை” என்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு கொமியூனிகேஷன் கடைக்குள் நுழைந்து பொலிசுக்குப் போன் எடுத்துச் சிங்களத்தில் கதைத்தேன். லொட்ஜின் பெயர், அறை இலக்கம், வடக்கிலிருந்து வந்தவள், டைமர், வயர், வெள்ளைத்தூள். பெட்டியில் இருந்ததைத்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. முதலாளி ஜும்மாவுக்குப் போயிருந்த நேரம் போன் வந்தது. எடுத்தேன். ஓர் அதிகாரி; மரியாதையாகத்தான் பேசினார். முட்டைக்கு ஊசி போடும் சாமான் என்று ஒரு பெண் அழுகிறாள், அப்படி ஒரு வேலை அங்கே நடக்கிறதா என்று கேட்டார். பின்னால் அவளுடைய குரல் கேட்டது. “அண்ணையைக் கேளுங்கோ. அண்ணைக்குத் தெரியும்.”

இல்லை என்றேன். முட்டைக்கு யாராவது ஊசி போடுவார்களா என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

முதலாளி நல்ல மனிதர். ஒரு கிழமை அலைந்தார். “இங்கத்தப் பொலிசிலயும் வெள்ளவத்தைப் பொலிசிலயும் கேட்டுட்டு வாறன். அப்பிடி ஒரு புள்ளயே இல்லயாம். ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாதா?” என்றார். தெரியாது என்றேன். அவளுடைய தாய் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தபோது, சிங்களம் தெரியாத அந்த மனுசிக்கு ஒவ்வொரு கந்தோருக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தது நான்தான். பதினொரு கடிதம். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அவ என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டா. அடுத்த மாசியில் நாங்கள் ஹொலண்டுக்குப் போய்விட்டோம்.

பெட்டியைக் கொடுத்தது நான். பொலிசுக்குச் சொன்னது நான். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அதிகாரியிடம் நான் பொய் சொன்னதாக உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அதைமட்டும் திருத்தவேண்டும். அங்கே அந்த வேலை நடக்கிறதா என்றுதான் அவர் கேட்டார். அன்று வெள்ளிக்கிழமை. நாங்கள் ஊசி போடுவது செவ்வாய்க்கிழமைகளில்.