காலர் மைக்கில் கேட்டது

பட்டாபிராமில் ரயிலேறிய நண்பர்கள் இருவரில் ஒருவர் மைக்செட்காரர். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது.

"அந்தம்மா நெஞ்சு அடிச்சது இன்னும் என் காதுலயே கீது, மச்சான்."

"இன்னாடா சொல்ற?"

"நேத்து காலேஜ்ல ஆளுக்குப் பத்து நிமிஷப் பேச்சு. புதுசா வர்ற மிஷினுக்குப் பயப்படாம கத்துக்கோங்கன்னு பேச ஒரு டீச்சரம்மா வந்தாங்க. மேடைக்குக் கீழயே காலர் மைக்க மாட்டி ஆன் பண்ணேன். ஹெட்போன்ல திக்கு திக்குன்னு கேக்குது. அவ்ளோ பயம்."

"பேசாமலே கெளம்பிட்டாங்களா?"

"இன்னா பேச்சுன்ற! குரல் துளிகூட நடுங்கல. முடிச்சதும் ஹாலே எழுந்து கை தட்டுச்சு."

"நீயும் தட்டினியா?"

"நானா? அவங்க மேடைப்படி ஏறும்போதே தட்டிட்டேன்."