கோடி கேட்டு வந்தவ

இல்ல தாயி, எம் மக பேய்க் கதை வரைஞ்சதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அந்தப் பேய்க்கு எம் மூஞ்சிய வச்சா பாரு, அதத்தான் தாங்க முடியல. நீ சன்னலோரமே இரு, எனக்கு வேணாம். பேரையூருக்குத்தான நீயும்? டிக்கெட் எடுக்கையில காதுல விழுந்துச்சு. சிம்மக்கல்லுல வீடு, பேங்க் வேலையா... நல்லது.

எம் மக நாகஜோதி காலேசுல படிக்கிறா. நாகமலை புதுக்கோட்டையில இருக்கோம். வாராவாரம் ரெண்டு பக்கம் படம் வரைஞ்சு, பிரவுசிங் சென்டர்ல குடுத்து ஸ்கேன் பண்ணி, இன்டர்நெட்டுல ஏத்திருவா. நான் அஞ்சாப்போட நின்னவ. எவன் பாக்கப் போறான்னு இருந்துட்டேன். பாத்தாங்க தாயி. துபாய்ல பாத்தாங்க, சிங்கப்பூர்ல பாத்தாங்க. சொந்தக்காரன் ஒருத்தன் விடாம எல்லாரும் பாத்தாங்க.

கதை என்னன்னா... உங்க சிம்மக்கல் பக்கம் எப்பிடியோ, எங்காளுகள்ல ஒரு பொம்பள செத்தா பொறந்த வீட்டுல இருந்து புதுச்சேலை வரணும். கோடின்னு சொல்லுவோம். அண்ணன் தம்பி கையால மேல போத்தணும். கதையில அவ அண்ணன் கோடி எடுத்துட்டு வரல. பழைய சேலையோடயே பொதச்சுட்டாங்க. அவ எந்திரிச்சு, மண்ணத் தட்டிவிட்டுட்டு, பஸ் ஏறி, அண்ணன் வீட்டுக்குக் கோடி கேட்டுப் போறா. வாரத்துக்கு ஒரு ஸ்டாப்பு. கண்டக்டர் காசுக்குக் கைய நீட்டுனா கையில மண்ணு விழும். எனக்கே மேலு சிலுத்துப்போச்சு.

கீழ பதில் எழுதுறாங்கல்ல, பாதிப்பேரு அடுத்து என்னன்னு கேட்டான். மீதிப்பேரு எழவுச் சடங்கக் கேலி பண்றா, படத்த எடுத்துருன்னு வஞ்சான். ஒருத்தனை ஒருத்தன் வஞ்சுக்கிட்டே எம்புட்டு நாளு... பிரவுசிங் சென்டர்க்காரன் இனி இங்க வராத பாப்பான்னுட்டான்.

அதோட போயிருந்தா பரவால்ல. கடைசியில பேய் போய்க் கதவத் தட்டுது. ஊதாக் கதவு. தொறந்தவனுக்கு மூக்குல மச்சம். பேரையூர்ல ஊதாக் கதவு எங்கண்ணன் சோணை வீடு. மூக்கு மச்சமும் அவனுக்குத்தான். மருதுன்னு ஒரு பய, அதப் பிரிண்டு போட்டு டீக்கடையில ஒட்டிட்டான். அண்ணன் மகளப் பொண்ணு பாக்க வந்தவங்க, பேய் தட்டுன வீடு இதுதானன்னு கேட்டுட்டு, காப்பி கூடக் குடிக்காமப் போயிட்டாங்க.

மச்சம் எப்பிடி வந்துச்சுன்னு பாக்குற. நாந்தான் சொன்னேன். மூக்கு மச்சத்த விட்ராத ஆத்தா, அப்பத்தான் தெரியும்னு. ஊதாக் கதவும் நாந்தான். எம் மக வேணாம்மான்னா... தொட்டுச் சொல்றேன், வேணாம்னுதான் சொன்னா.

என்ன கோவம்னா, எம் மக வயசுக்கு வந்த சடங்குக்கு அண்ணன் எடுத்த பச்சைப் பட்டு ஒரே தண்ணியில சாயம் போச்சு. தங்கச்சி மகன்னா இம்புட்டுத்தானான்னு வயிறு எரிஞ்சுச்சு. செத்தாலும் பேயா வந்து உன்னக் கோடி கேப்பேன்டான்னு அடுப்படியில கத்துனேன். அதக் கேட்டுத்தான் அவளுக்குக் கதையே வந்துச்சு. அந்தப் பட்டயும்... கறை போகட்டும்னு சுடுதண்ணியில பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவச்சவ நாந்தான். இதுவரைக்கும் ஒருத்தருகிட்டயும் சொன்னதில்ல.

பேய்க்கு எம் மூஞ்சி எப்பிடி வந்துச்சுன்னா? பொணம் எப்பிடிக் கெடக்கும்னு எம் மகதான் கேட்டா. நாந்தான் தரையில நீட்டிப் படுத்து, நெத்தியில ஒத்த ரூவாய ஒட்டி, கால் பெருவெரல் ரெண்டையும் சேத்துக் கட்டிக்கிட்டு அர மணி நேரம் கெடந்தேன். மூக்குல பஞ்சு வேற. பக்கத்து வீட்டு ராதாமணி எட்டிப் பாத்துட்டு மாரடிச்சு அழ ஆரம்பிச்சுட்டா. சும்மா இருக்கியா இல்லையான்னு படுத்தபடியே வஞ்சேன். மயங்கி விழுந்துட்டா.

இப்ப எல்லாத்தையும் அழிச்சாச்சு. ஆனா எங்கண்ணன் பத்துப்பேரு முன்னால சொல்லிட்டான். அவ செத்தா நான் கோடி எடுத்துட்டுப் போமாட்டேன்னு. ஒரே அண்ணன் தாயி. வேற ஆரு எனக்குப் போத்துவா? நெனச்சா சோறு எறங்கல. அதான் கால்ல விழுகக் கெளம்பிட்டேன். அவனுக்கு எதுக்குச் செலவுன்னு கோடியக் கூட நானே எடுத்துட்டேன். இந்தா, பையில இருக்கு, தொட்டுப் பாரு. செவப்பு, கண்டாங்கி. இத வீட்டுல வச்சுக்க, அன்னைக்கு மட்டும் உங்கையால போத்துண்ணேன்னு சொல்லப்போறேன். அம்புட்டுத்தான். உசிரோட இருக்கும்போதே கோடி கேட்டு, இப்பிடி பஸ் ஏறி...

என்ன தாயி எந்திரிக்கிற? இது திருமங்கலம். பேரையூருக்கு இன்னும் தூரமிருக்கு. டிக்கெட் எடுத்தியே... சரி, பாத்து எறங்கு. படியில தண்ணி கெடக்கு.

படத்துலயும் இந்த ஸ்டாப்புலதான் பக்கத்துச் சீட்டுக்காரி எறங்கி ஓடுவா. அதயும் நாந்தான் சொல்லி வரைய வச்சேன்.