வானத்தில் எத்தனை செக்கிங்?

மலாயாவில் அவசரகாலம். மலாக்காவிலிருந்து நியாலாஸ் போகும் பஸ்ஸை மூன்றாவது தடவையாக நிறுத்தினார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்கு அரிசி போகிறதா என்று சோதனை. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“என் தம்பி காலையில சிங்கப்பூர்ல ப்ளேன் ஏறிட்டான் அக்கா. இருட்டுறதுக்குள்ள மெட்ராஸாம்.”

“பொய் சொல்லாதடி. கப்பல்லயே ஒரு வாரம் ஆவும். வழியில எத்தன எடத்துல செக்கிங்?”

“வானத்துலயா? ஒண்ணும் கெடையாதுலா.”

“பையத் தொறந்து பாக்க மாட்டான்?”

“மாட்டான்.”

“எழுந்து நிக்கச் சொல்ல மாட்டான்?”

“அவ்ளோ ஒசரத்துல எவன் வந்து அரிசி தேடப் போறான்?”

“அதான் சீக்கிரம் போவுது!”

போலீஸ்காரர் எல்லாரையும் எழச் சொன்னார். அக்கா மெதுவாக எழுந்தார். அவர் மடியிலிருந்து பொலபொலவென்று கொட்டிய அரிசி என் காலடிவரை வந்தது.

“நானும் ப்ளேன்லயே வந்திருக்கணும்டி.”